கடற்கரையில் இருபத்திரண்டு கேள்விகள்

டிசம்பர் 17, புதன்

புது நோட்டு, புது வேலை. இரண்டும் இன்றுதான் தொடங்குகின்றன.

வேலை பதினைந்து நாளைக்குத்தான். பாண்டிச்சேரிக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் இந்த ஊரில் எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறார்கள், திருட்டு, வம்பு, வழிப்பறி பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டு எழுதி வர வேண்டும். ஒரு கல்லூரி நடத்தும் ஆய்வு. மொத்தம் இருபத்திரண்டு கேள்விகள். முதல் பக்கத்தில் பயணியின் ஒப்புதல் கையெழுத்து, தேதி, இடம், நேரம். கடைசிப் பக்கத்தில் அவர்கள் கைப்பட எழுத நாலு வரி இடம்.

பொறுப்பாளர் பெர்னதெத் மேடம். ஐம்பது வயதிருக்கும். குட்டையாக வெட்டிய முடி. பேசும்போது பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டே இருக்கிறார்.

"நாம அபிப்பிராயம் சொல்லக் கூடாது. முகத்துலகூடக் காட்டக் கூடாது. ஒருத்தர் பயமா இருக்குன்னு சொன்னா ஏன்னு கேளுங்க. 'இதுக்கா பயம்'னு மட்டும் கேட்டுடாதீங்க" என்றார்.

எனக்கு ஜோடி நஸ்ரின். இருபத்து நாலு வயது, உள்ளூர்ப் பெண். அறிமுகமான ஐந்தாவது நிமிடமே "சுகந்தி அக்கா" ஆக்கிவிட்டாள்.

பயணிகளை என் வலது பக்கம் உட்கார வைக்க வேண்டும். இடது காது கொஞ்சம் மந்தம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

மதியம் எல்லோரையும் நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். நான் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தேன். படம் எடுத்தவர் நான் நிமிரும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

என் மகள் பாப்பா இருக்கும் இடத்தையும், நான் தங்கியிருக்கும் விடுதியின் பெயரையும் இந்த நோட்டில் எழுதப்போவதில்லை. பெரிய காரணம் ஒன்றுமில்லை. போன நோட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். அதை வேறொருவர் படித்துவிட்டார். அவ்வளவுதான்.

டிசம்பர் 18, வியாழன்

முதல் நாள். கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைத் தாண்டிப் போலீஸ் பூத்துக்கு எதிரே இருக்கிற பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். நிழல் நன்றாக இருக்கும் என்று நஸ்ரினிடம் சொன்னேன்.

"அங்கதானேக்கா வெயில் அடிக்குது?" என்றாள்.

சேலத்திலிருந்து ஒரு தம்பதி. தனியாக நடக்கும்போது எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறீர்கள், ஒன்றிலிருந்து ஐந்துக்குள் சொல்லுங்கள் என்றேன். கணவர் யோசிக்காமல் ஐந்து என்றார். மனைவி மூன்று என்று சொல்லிவிட்டுக் கணவரைப் பார்த்தார். பிறகு "நாலுன்னு போட்டுக்கங்க" என்றார். நான் மூன்றையே எழுதினேன். விதிப்படி அது தப்பு.

ஈரோட்டுக்காரர் ஒருவருக்குத் திருடர்கள் பற்றிப் பயமில்லை, வாடகை ஸ்கூட்டரில் பறக்கிற பிள்ளைகளைக் கண்டால்தான் பயம். ஒரு அம்மா தெருநாய்க்காக ஒரு மார்க்தான் கொடுத்தார். பெங்களூரிலிருந்து தனியாக வந்திருந்த ஒரு பெண், "ரூம் நம்பரைக் கவுண்டர்ல சத்தமா சொல்ல விட மாட்டேன். எழுதித்தான் காட்டணும்பேன். போற வழியையும் தினம் மாத்திக்குவேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க சொல்லுங்க, இந்த ஊர் சேஃப்பா?" என்றாள்.

"நாங்க பதில் சொல்லக் கூடாதுங்க" என்றேன்.

நல்ல பெண். வழி மாற்றுவது நல்ல யோசனைதான். நானும் இன்று இரண்டு தெரு சுற்றித்தான் விடுதிக்கு வந்தேன். நடந்தால் உடம்புக்கு நல்லது.

டிசம்பர் 19, வெள்ளி

பத்தொன்பது படிவங்கள். துணி துவைத்தேன். செருப்பை விட்டுவிட்டுக் கயிறு கட்டும் ஷூ ஒன்று வாங்கினேன். நிறைய நடக்க வேண்டிய வேலை.

டிசம்பர் 20, சனி

உள்ளூர்ப் பதிப்பில் செய்தி வந்திருக்கிறது. 'பயணிகளிடம் பாதுகாப்பு ஆய்வு.' கூடவே அந்தப் படம். நஸ்ரின் செய்தித்தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "பேர்கூடப் போட்டிருக்காங்கக்கா! இங்க பாருங்க, மூணாவது நீங்க!"

முகம் மிகத் தெளிவாக இருக்கிறது.

மதியச் சோறு இறங்கவில்லை. வெயில்.

டிசம்பர் 22, திங்கள்

காலையில் கல்லூரி அலுவலகத்தில் புதுப் படிவங்கள் வாங்கப் போனேன். அங்கே எடுபிடி வேலை பார்க்கும் பெரியவர், "சனிக்கிழமை சாயந்திரம் உங்களக் கேட்டு ஒரு போன் வந்துதும்மா. சுகந்தின்னு ஒருத்தங்க இங்க வேலை செய்யறாங்களான்னு கேட்டாரு" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமாம், பீச்ல இருப்பாங்கன்னேன். ஏம்மா, சொல்லக் கூடாதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன். அவர் மேல் தப்பில்லை. யாரோ ஒருவர் கேட்டார், இவர் சொன்னார். வேறு சுகந்தியாகவும் இருக்கலாம்.

இன்று பெஞ்சில் உட்காராமல் நின்றுகொண்டே எல்லாப் படிவங்களையும் முடித்தேன்.

டிசம்பர் 23, செவ்வாய்

ஐஸ்கிரீம் வண்டிக்குப் பின்னால் மெரூன் சட்டை போட்ட ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அந்த மாதிரிச் சட்டை ஆயிரம் பேரிடம் இருக்கும். நான் மறுபடி பார்த்தபோது இல்லை.

டிசம்பர் 24, புதன்

இன்று ஒரு வேடிக்கை. பதினொரு மணிக்கு ஒரு பயணி, கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள் என்று கத்தினார். அரை மணிக்குள் கடற்கரை முழுக்கப் பேச்சு. பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள் என்றார் ஒருவர். கத்தி வைத்திருந்தார்கள் என்றார் இன்னொருவர். காலையில் நாலும் ஐந்துமாக வந்த பதில்கள் மதியம் இரண்டும் ஒன்றுமாக இறங்கிவிட்டன. கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று அறையைக் காலி செய்துவிட்டே கிளம்பிப் போனது.

மூன்று மணிக்குப் பை கிடைத்தது. ஜூஸ் கடையில் மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறார். கடைக்காரர் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். போலீஸ் பூத்தில் இருக்கும் ஏட்டம்மா செந்தாமரை வந்து ஒவ்வொரு கூட்டமாக, "திருட்டே நடக்கலைங்க, பை கெடைச்சிருச்சுங்க" என்று சொல்லிப் பார்த்தார். யாரும் மார்க்கை மாற்றிக்கொள்ளவில்லை.

கூட்டம் அதிகம். நாலரை மணிக்கே கிளம்பினேன். மீதியை நஸ்ரின் முடிப்பதாகச் சொன்னாள்.

டிசம்பர் 25, வியாழன்

விடுமுறை. நஸ்ரினின் போனை வாங்கிப் பாப்பாவிடம் பேசினேன். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததாம். கணக்கு சுமார்தானாம். "எப்பம்மா வருவே?" என்றாள். சீக்கிரம் என்றேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்குச் சீக்கிரம் என்றால் நாளைக்கு.

போனைத் திருப்பிக் கொடுத்தேன். நஸ்ரின் என்னையே பார்த்தாள். "ஒங்ககிட்டதான் போன் இருக்கேக்கா?"

சார்ஜ் இல்லை என்றேன்.

டிசம்பர் 26, வெள்ளி

இதுவரை வந்த படிவங்களைக் கணினியில் ஏற்றும் வேலை. நஸ்ரின் எழுதியதை நான், நான் எழுதியதை அவள். அப்போதுதான் தப்பு தெரியும் என்பது மேடத்தின் ஏற்பாடு.

முந்நூற்றுப் பதினொன்றாவது படிவத்தில் கணினி நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

கணினி நிற்கவில்லை.

டிசம்பர் 27, சனி

காலை ஆறு மணி. பையைக் கட்டிவிட்டேன். முதல் பஸ்ஸுக்குப் போயிருக்கலாம். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்காமல் போவது முறையல்ல என்று உட்கார்ந்திருக்கிறேன். அதற்குள் எழுதிவிடுகிறேன். யாராவது ஒருத்தர் படித்தாலும் பரவாயில்லை.

படிவம் 311. நஸ்ரின் இருபத்து நாலாம் தேதி மாலை ஐந்து பத்துக்கு எடுத்தது. முதல் பக்கத்திலேயே கையெழுத்து. 'ரா'வின் காலை நீளமாக இழுத்துக் கடைசி எழுத்துவரை கோடு போடும் கையெழுத்து. எங்கள் கல்யாணப் பதிவேட்டில் என் பெயருக்குப் பக்கத்தில் இருப்பதும் அதேதான்.

வருகையின் நோக்கம்: குடும்பத்தைப் பார்க்க.

எத்தனை நாள் தங்குவீர்கள்: பார்க்கும் வரை.

இந்த நகரத்தில் எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறீர்கள்: ஐந்து.

இங்கே ஏதேனும் குற்றத்தால் பாதிக்கப்பட்டீர்களா: ஆம். என் குழந்தையைத் திருடிவிட்டார்கள்.

காவல் துறையில் புகார் செய்தீர்களா: தேவையில்லை. நானே பார்த்துக்கொள்வேன்.

கடைசிப் பக்கத்தில் அவர் கைப்பட எழுதிய நாலு வரி: 'இந்தப் பெண் நன்றாகக் கேள்வி கேட்கிறாள். எதிர் பெஞ்சில் தினமும் இருக்கும் பெண்ணும் நன்றாகக் கேட்பாள் என்று நினைக்கிறேன். அவளுக்கு ஒரு காது கேட்காவிட்டாலும்.'

நேற்று நஸ்ரினிடம் எதுவும் காட்டிக்கொள்ளாமல், இவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டேன். "ரொம்ப மரியாதையான ஆளுக்கா. எளநீ வாங்கித் தரட்டுமான்னு கேட்டாரு" என்றாள்.

காது சின்ன வயதிலிருந்து அப்படி இல்லை. போன வருஷம் ஆடி மாதத்திலிருந்து. சாம்பாரில் உப்பு கூடிப்போனது. அன்றைக்குப் பாப்பா நடுவில் வந்து நின்றாள். அவர் அவளைத் தள்ளியதில் அவள் நெற்றி கதவு நாதாங்கியில் பட்டது. என்னை அடித்ததற்கெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. எங்கள் ஊர் ஸ்டேஷனில் இரண்டு முறை உட்கார வைத்துச் சமாதானம் பேசி அனுப்பினார்கள். மூன்றாவது முறை நான் கோர்ட்டுக்குப் போனேன். அவர் என்னை நெருங்கக் கூடாது, பேச முயற்சி செய்யக் கூடாது, வேலை செய்யும் இடத்துக்கு வரக் கூடாது என்று உத்தரவு. அந்தத் தாளை நாலாக மடித்துப் பையின் அடியில் வைத்திருக்கிறேன். ஒரு தாள் ஒரு ஆளைத் தடுக்கும் என்று நம்பிக்கை வரவில்லை.

அதே நாள், மதியம் இரண்டு மணி

போகவில்லை.

அட்டையைக் கொடுக்கப் போனபோது பெர்னதெத் மேடம் வாங்கிக்கொள்ளவில்லை. "ஏன்?" என்று மட்டும் கேட்டார். பேனாவைக் கீழே வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறவே இல்லை. படிவத்தைத் தேடி எடுத்துக் கடைசி வரிவரை படித்தார்.

"ஆய்வுல வந்ததை வெளியில சொல்லக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"சொன்னேன். அதுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். சுகந்தி, முதல் பக்கத்தைப் பாருங்க. கையெழுத்து, தேதி, இடம், நேரம். நீங்க வேலை செய்யற இடத்துக்கு வந்தேன்னு அந்த ஆளே எழுதிக் கொடுத்திருக்கான்."

நஸ்ரினைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எனக்குத் தெரியாதேக்கா, நான் சிரிச்சிச் சிரிச்சிப் பேசினேனே." அவளைத் தேற்றுவதே எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது.

மூன்று பேருமாகப் பூத்துக்குப் போனோம். ஏட்டம்மா செந்தாமரை கோர்ட் தாளை இரண்டு தடவை படித்தார். "இது எந்த ஊர் கோர்ட்டா இருந்தாலும் இந்தியா முழுக்கச் செல்லும்மா. இதை மீறினா நாங்க உடனே பிடிக்கலாம்" என்றார். படிவத்தில் இருந்த போன் எண்ணுக்கு அடித்துப் பார்த்தார். அணைத்து வைத்திருந்தது. தங்கும் லாட்ஜ் என்று எழுதியிருந்த பெயரில் ஊரில் லாட்ஜே கிடையாதாம். ஸ்டேஷனுக்குச் சொல்லிவிடுகிறேன், தேடச் சொல்கிறேன் என்றார்.

"நாளைக்கு நீங்க வேலைக்கு வர வேணாம். வந்தீங்கன்னா என் கண்ணுக்கு எதிர்ல இருங்க. ஆளைப் பாத்தா ஒரு சத்தம் குடுங்க, போதும்" என்றார்.

பஸ் இன்னும் இருக்கிறது. ஆனால் இது நான் மாறிய நாலாவது ஊர். ஐந்தாவது ஊரிலும் இதே போல் ஒரு நோட்டு வாங்கி, விடுதிப் பெயர் எழுதாமல் தொடங்க வேண்டும். பாப்பா அதற்குள் ஐந்தாம் வகுப்புக்குப் போய்விடுவாள்.

நாளை வேலைக்குப் போகிறேன்.

டிசம்பர் 28, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியம் மூன்று மணிவரை ஒன்றுமில்லை. ஒன்பது படிவங்கள் முடித்தேன். மூன்றே காலுக்குக் காந்தி சிலைப் பக்கம் ஒரு பிள்ளையைக் காணவில்லை என்று சத்தம். ஏட்டம்மா எனக்குக் கையைக் காட்டிவிட்டு அங்கே ஓடினார். பூத்தில் நாற்காலி மட்டும் இருந்தது. நஸ்ரின் பத்தடி தள்ளி ஒரு குடும்பத்திடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வருகிற காலடிச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. இடது பக்கம் பெஞ்ச் லேசாக அழுந்தியது, அவ்வளவுதான். திரும்பினேன். சட்டையை இஸ்திரி போட்டு, முகத்தை மழித்து, நெற்றியில் விபூதியோடு அவர். பார்க்கிறவர்களுக்குக் கோயிலுக்கு வந்தவர் மாதிரித்தான் இருந்திருக்கும்.

உதடு அசைந்தது. அலைச் சத்தத்தில் ஒன்றும் விழவில்லை.

"சத்தமா சொல்லுங்க. அந்தக் காது கேக்காது" என்றேன். எனக்கே தெரியாமல் உரக்கச் சொல்லிவிட்டேன். நஸ்ரின் திரும்பினாள். பார்த்த நொடியில் அவள் முகம் வெளுத்துவிட்டது. பரீட்சை அட்டையை அந்தக் குடும்பத்தின் கையிலேயே விட்டுவிட்டுச் சிலைப் பக்கம் ஓடினாள்.

அவர் எழுந்து வந்து வலது பக்கம் உட்கார்ந்தார். "இன்னா, இப்ப கேக்குதா? பாப்பா எங்க?"

நான் பூத்தைப் பார்த்தேன்.

"ஒன்னும் பண்ண மாட்டேன் சுகந்தி. எழுந்து என்கூட வா. பைக் அங்க நிக்குது. பாப்பாவ அழைச்சிக்குனு ஊருக்குப் போயிடலாம். இத்தினி ஜனம் கீது, எதுக்குச் சத்தம்?"

கத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன். நேற்று முழுக்க அதைத்தான் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். தொண்டையில் சத்தமே இல்லை. எழுந்து ஓடவும் கால் வரவில்லை. மடியில் படிவம் இருந்தது. கைக்கு அது ஒன்றுதான் தெரிந்த வேலை.

"இதை முடிக்கணும். எங்க மேடம் பாத்துக்கிட்டே இருப்பாங்க. முடிச்சிட்டு வரேன்" என்றேன்.

"என்னா முடிக்கணும்?"

"கேள்வி. நீங்க பதில் சொல்லுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் எதற்கோ பணிந்துவிட்டேன் என்று நினைக்கும்போது வருகிற சிரிப்பு. "கேளு. எத்தினி கேள்வி?"

"இருபத்திரண்டு. முதல்ல இங்க கையெழுத்துப் போடுங்க. தேதி, நேரம்."

போட்டார். மூன்று இருபது. அவரே கடிகாரத்தைப் பார்த்து எழுதினார்.

நான் ஒவ்வொரு கேள்வியையும் முழுசாகப் படித்தேன். வழக்கமாக நாலைந்து சொல்லில் முடிப்பதை ஒரு சொல் விடாமல் படித்தேன். எப்படி வந்தீர்கள், பேருந்தா, ரயிலா, சொந்த வாகனமா. பைக் என்றார். யாருடன் வந்தீர்கள். தனியாக என்றார். எதற்காக வந்தீர்கள்.

"என் பொண்டாட்டியக் கூட்டிக்குனு போக. அப்பிடியே எழுது."

"நீங்களே எழுதுங்க" என்று பேனாவைக் கொடுத்தேன். எழுதினார்.

ஏழாவது கேள்வியில் என் மணிக்கட்டைப் பிடித்தார். படிவம் வைத்திருந்த அட்டைக்குக் கீழே, வெளியில் தெரியாதபடி. பிடியை இறுக்கிக்கொண்டே, "மேல படி" என்றார். எட்டு படித்தேன். ஒன்பது படித்தேன். எதிரே இரண்டு பெண்கள் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டே எங்களைப் பார்த்துவிட்டு நடந்தார்கள். பத்தாவது கேள்வி, பகல் நேரத்தில் பொது இடங்களில் எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறீர்கள்.

"அஞ்சு. பாப்பா எங்க?"

"பதினொண்ணு. மாலை நேரத்தில்..."

"பாப்பா எங்கன்னு கேட்டேன்."

விரல்கள் மரத்துப்போயின. எழுதுகிற கை என்பதால் பேனா கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்துக் கொடுத்தார். பக்கத்தில் போன ஒரு பெரியவர்கூட அதைப் பார்த்துப் புன்னகைத்தார்.

பதினாறாவது கேள்வியில் செந்தாமரை வந்தார். பின்னால் நஸ்ரின், மூச்சு வாங்கிக்கொண்டு. அவர் சட்டென்று கையை எடுத்துவிட்டு எழுந்து கும்பிட்டார்.

"வணக்கம் மேடம். சர்வே எடுக்கறாங்க, அதான் சொல்லிக்கினு இருந்தேன்."

செந்தாமரை அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா."

மூன்று பேரும் காத்திருந்தார்கள்.

"இவர் என் பக்கத்துல வரக் கூடாதுன்னு கோர்ட் சொல்லியிருக்கு" என்றேன். குரல் உடைந்துதான் வந்தது. ஆனால் வந்தது.

"புருசன் பொண்டாட்டி விஷயம் மேடம், இதுக்குப் போய்..."

"இது யார் எழுதினது?" செந்தாமரை என் மடியிலிருந்து படிவத்தை எடுத்தார். "பொண்டாட்டியக் கூட்டிப் போகன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? கையெழுத்து உங்களுதுதானே? மணிகூடப் போட்டிருக்கீங்க. நடங்க, ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

அப்போதுதான் அவர் என்னைப் பார்த்துக் கத்தினார். சொன்னதை எழுத விருப்பமில்லை. அந்தச் சத்தத்துக்கு ஐம்பது பேர் கூடினார்கள். இன்னும் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து, ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். கூட்டத்தில் ஒரு அம்மா தன் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, "இந்த ஊரு சரியில்ல, வாங்க போகலாம்" என்றார்.

மணிக்கட்டில் நாலு விரல் பதிந்திருந்தது. பெண் மருத்துவர் ஒருவர் அதைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். ஸ்டேஷனில் எழுத்தர் வாக்குமூலம் எழுதினார். எதிரியின் பெயர் என்று கேட்டார். பத்து வருஷமாக நான் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. அவர், பாப்பாவோட அப்பா, எங்க வீட்டுக்காரர் என்றுதான் வாயில் வரும்.

ராஜவேல் என்றேன்.

டிசம்பர் 29, திங்கள்

காவலில் வைத்துவிட்டார்கள். மேடம் ஒரு வக்கீலை ஏற்பாடு செய்திருக்கிறார். நான் பன்னிரண்டு மணி நேரம் தூங்கினேன்.

நேற்று மாலை வந்த படிவங்களை நஸ்ரின் காட்டினாள். பெரும்பாலும் இரண்டு. 'கண்ணெதிரே ஒருவரைப் போலீஸ் பிடித்துப் போனது. பயமாக இருந்தது' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு அந்த வாரத்திலேயே கொஞ்சம் நிம்மதியான முதல் மாலை அது. அதைப் போட அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

ஜனவரி 2, வெள்ளி

மாமியார் போனில் பேசினார். எண் எப்படிக் கிடைத்தது என்று கேட்கவில்லை.

"ஆம்பள கோவத்துல ஒரு அடி அடிக்கமாட்டானா? வாபஸ் வாங்கிடு தாயி. எம் புள்ள ஜெயில்ல சோறு தின்னக் கூடாது."

"அத்தே, ஒங்க பேத்தி நெத்தியில எத்தினி தையல்னு தெரியுமா ஒங்களுக்கு?"

அவர் அழுகிறார் என்று தெரிந்தது. நானும் அழுதேன். ஆனால் சரி என்று சொல்லவில்லை.

ஜனவரி 5, திங்கள்

ஆய்வு முடிந்தது. அறிக்கை எழுதும்வரை, மார்ச் வரை இருங்கள் என்று மேடம் சொல்லிவிட்டார். நஸ்ரினின் பெரியம்மா வீட்டு மாடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது. மாடியில் வரிசையாக ஐந்து குடித்தனம், நடுவே நீளமான நடை.

ஜனவரி 10, சனி

பாப்பா வந்துவிட்டாள். வளர்ந்திருக்கிறாள். பக்கத்துப் பள்ளியில் நாலாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஜனவரி 17, சனி

ராஜவேலுக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது. வாரம் ஒரு நாள் ஸ்டேஷனில் கையெழுத்து, இந்த ஊர் எல்லைக்குள் வேறு எதற்கும் வரக் கூடாது என்று நிபந்தனை. "எதுக்கும் கொஞ்ச நாள் வேற ஊர்ல இருக்கீங்களாம்மா?" என்று வக்கீல் கேட்டார்.

இல்லை என்றேன். வெளியே வந்ததும் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் நடந்தேன்.

போட்டோ கடையில் அவருடைய படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்தேன். பள்ளி வாட்ச்மேனிடம் கொடுத்தேன். வகுப்பு டீச்சரிடம் காட்டினேன். கீழே மளிகைக் கடைக்காரரிடம், ஆட்டோ ஸ்டாண்டில், மாடியில் இருக்கிற நாலு வீட்டிலும். முதல் வீட்டில் சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது. "இவர் என் வீட்டுக்காரர். அடிப்பார். வந்தா எனக்குச் சொல்லுங்க." இவ்வளவுதான் வாக்கியம். நாலாவது வீட்டில் சொல்லும்போது அந்த அம்மா, "எந்தங்கச்சிக்கும் இப்படித்தான். நீ உள்ள வந்து ஒக்காரு" என்று காப்பி கொடுத்தார்.

ஜனவரி 18, ஞாயிறு

நான் பயந்தேன். முதல் நாளிலிருந்தே பயந்தேன். இன்றும் பயமாகத்தான் இருக்கிறது. இந்த நோட்டில் இதை எழுத ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

மதியம் சாப்பிட்டதும் பாப்பாவை எதிரே உட்கார வைத்துச் சொன்னேன். அப்பா வெளியில் வந்துவிட்டார் என்பதை மறைக்கவில்லை.

"அப்பா இங்க வந்தா நீ என்ன பண்ணணும்?"

யோசித்தாள். "உன்னைக் கூப்பிடணும்."

"நான் இல்லைன்னா?"

"கத்தணும்."

"எப்படிக் கத்துவே?"

"அம்மான்னு" என்றாள், பாடம் ஒப்பிக்கிற குரலில்.

"அது பத்தாது. நல்லா கத்திக் காட்டு."

வெட்கப்பட்டாள். ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கத்தினாள். அந்தச் சின்ன உடம்பில் இவ்வளவு சத்தம் இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அது ஒத்திகைச் சத்தம் இல்லை. ஆடி மாதத்திலிருந்து உள்ளே கிடந்தது.

நடையில் நாலு கதவும் திறந்தன. காப்பி கொடுத்த அம்மா கையில் கரண்டியோடு வந்து நின்றார். பக்கத்து வீட்டுத் தாத்தா லுங்கியைப் பிடித்துக்கொண்டு, "எங்க? எங்க அவன்?" என்றார். கீழே மளிகைக் கடைக்காரர் பாதிப் படிக்கட்டு ஏறிவிட்டிருந்தார்.

"யாரும் வரலைங்க. பிள்ளை பழகிப் பாத்தா" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. மளிகைக் கடைக்காரர் மூச்சு வாங்கியபடி, "இன்னொரு தடவ கத்தச் சொல்லும்மா" என்றார். "கடையில ரேடியோ ஓடுது. அதுலயும் கேக்குதான்னு கீழ போய் நின்னு பாக்கறேன்."